கோட்டைக்குள் இருக்கும் செயின்ட் மேரீஸ் சர்ச்: யாருக்காகக் கட்டினார்கள், இப்போது யாருடையது?

நீங்கள் முக்கியமாகக் கேட்டவை மூன்று. சென்னை செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கும் செயின்ட் மேரீஸ் சர்ச், அந்த ஊசிக்கோபுரத்தை நீக்கிவிட்டுப் பார்த்தால் ஒரு கிடங்கு மாதிரி இருக்கிறதே, ஏன்? ஆங்கிலிகன் சர்ச், அதாவது இங்கிலாந்துத் திருச்சபை வழி வந்தது என்கிறார்கள், பலகையில் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) என்று எழுதியிருக்கிறதே, எப்படி? உள்ளே சிலைகளும் கல்வெட்டுகளும்தான் கண்ணில் பட்டன, ஆட்களைக் காணோம்; அங்கே இன்னும் சபை என்று ஒன்று இருக்கிறதா, இல்லை மியூசியம் ஆகிவிட்டதா? எனக்கென்னவோ இந்த மூன்றுக்கும் அடியில் ஒரே கேள்விதான் இருப்பதாகத் தோன்றுகிறது. அது யாருக்காகக் கட்டப்பட்டது என்பதே அந்தக் கேள்வி. அதைப் பிடித்துக்கொண்டால் தடிமனான சுவரும் புரியும், காலியான பெஞ்சுகளும் புரியும்.

பழைய கட்டடங்களைப் பழுது பார்க்கும் தொழிலில் பல வருடங்களாக இருக்கிறேன். சுண்ணாம்பும் செங்கல் வளைவும் என் வேலை. சபை வரலாறு, சி.எஸ்.ஐ. குடும்பத்தில் வளர்ந்ததாலும் பிற்பாடு ஆர்வத்தில் படித்ததாலும் தெரிந்தது. இறையியல் என் துறை இல்லை, ஆகவே அந்தப் பக்கம் அதிகம் போகமாட்டேன்.

முதலில் உறுதியாகத் தெரிந்தவை. ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் கடற்கரையில் கோட்டை கட்டத் தொடங்கியது 1640-இல். அதற்குப் பிறகு நாற்பது வருடம் அவர்களுக்கெனத் தனி ஆலயம் கிடையாது. கோட்டைக்குள் ஓர் அறையில் கூடி ஜெபம் செய்தார்கள். வேடிக்கை என்னவென்றால், கோட்டையின் நிழலில் முதலில் எழுந்தது கத்தோலிக்க ஆலயம். போர்த்துகீசிய வம்சாவளிக் குடும்பங்கள் அங்கே நிறைய இருந்தன. அவர்களுக்காக எஃப்ரெய்ம் த நெவேர் என்ற பிரெஞ்சு கபூச்சின் துறவி 1642-இலேயே பணியைத் தொடங்கிவிட்டார். ஸ்ட்ரெய்ன்ஷாம் மாஸ்டர் தலைவராக வந்த பிறகுதான் ஆங்கிலேயர்கள் தங்களுக்கென ஓர் ஆலயம் கட்டத் துணிந்தார்கள். லண்டனிலிருந்து அனுமதி வரட்டும் என்று மாஸ்டர் காத்திருக்கவில்லை. கோட்டையில் இருந்தவர்களிடமே நன்கொடை வசூலித்து 1678-ஆம் ஆண்டு மார்ச் 25 அன்று வேலையைத் தொடங்கினார். அது மரியாளுக்குத் தேவதூதர் வாழ்த்துச் சொன்ன நாளாகத் திருச்சபை கொண்டாடும் திருநாள். ஆலயத்தின் பெயர் அங்கிருந்து வந்தது. 1680 அக்டோபர் 28 அன்று, லண்டன் பேராயரின் ஆணையின்படி கோட்டைச் சாப்ளின், அதாவது கம்பெனி அமர்த்திய குருவானவர், ரிச்சர்ட் போர்ட்மன் பிரதிஷ்டை செய்தார். சடங்கு முடிந்ததும் காவல்படை துப்பாக்கி வேட்டுகளும் கோட்டைப் பீரங்கிகளும் முழங்கின.

இரண்டரை வருடம் என்பது அந்தக் காலத்துக்கு வேகமான வேலை. பம்பாயில் இதே காலத்தில் அஸ்திவாரம் போட்ட செயின்ட் தாமஸ் ஆலயம் பாதியில் நின்று, 1718-இல்தான் திறக்கப்பட்டது. அதனால்தான் இந்தியாவில் இன்றும் நிற்கிற ஆங்கிலிகன் ஆலயங்களில் இதுவே பழையது. "சூயஸுக்குக் கிழக்கே மிகப் பழையது" என்றும் சொல்வார்கள். 1680-இல் சூயஸில் கால்வாயே கிடையாது என்பதால் எனக்கு அந்த அடைமொழி கொஞ்சம் சிரிப்பாக இருக்கும், விட்டுவிடுவோம்.

யார் வடிவமைத்தது என்பதில் சந்தேகம் உண்டு. எட்வர்ட் ஃபவுல், வில்லியம் டிக்ஸன் என்று இரண்டு பெயர்கள் புத்தகத்துக்குப் புத்தகம் மாறி வரும். இருவருமே கோட்டையின் பீரங்கிப் பிரிவைச் சேர்ந்தவர்கள் என்றே சொல்லப்படுகிறது. எந்தப் பெயர் சரி என்பதைவிட, பெயர் எதுவானாலும் ஆள் பீரங்கிக்காரர் என்பதுதான் எனக்கு முக்கியம். ஏனென்றால் கட்டடத்தைப் பார்த்தாலே அது தெரிகிறது.

நீங்கள் கிடங்கு என்று சொன்னதில் தப்பில்லை. அந்தக் கட்டடம் ஒரு வெடிமருந்துக் கிடங்குக்குத் தேவையான அறிவோடு கட்டப்பட்டது. சுமார் 86 அடி நீளம், 56 அடி அகலம். வெளிச்சுவர் நாலடித் தடிமன், உள்ளே தூண்வரிசைச் சுவர் மூன்றடி. கூரையில் மரம் கிடையாது. செங்கலும் சுண்ணாம்பும் கொண்டு கட்டிய, இரண்டடித் தடிமனுள்ள நீள வளைவுகள், நடுவில் ஒன்று, இரு பக்கமும் ஒவ்வொன்று. அன்றைக்கு மேலிருந்து விழும் குண்டுதான் பயம். அது மரக்கூரையைத் துளைத்துவிட்டு உள்ளே வந்து வெடிக்கும், தீயும் பிடிக்கும். கட்டுமான வளைவு அதைத் தாங்கும். கடற்கரையில் கப்பலிலிருந்து பார்த்தால் தெரிகிற உயரமான கட்டடத்துக்கு அந்தப் பயம் நியாயமானது.

இங்கே கொஞ்சம் என் தொழில் பேச அனுமதியுங்கள். வளைவுக் கூரை தன் எடையைக் கீழ்நோக்கி மட்டும் இறக்காது, பக்கவாட்டிலும் தள்ளும். ஒற்றை வளைவு என்றால் இரண்டு சுவரும் வெளியே சாயப் பார்க்கும். இங்கே மூன்று வளைவுகளை அடுத்தடுத்து வைத்தார்கள். நடு வளைவு இடது பக்கம் தள்ளுவதை இடப்பக்க வளைவு எதிர்த்துத் தள்ளுகிறது, வலப்பக்கமும் அப்படியே. ஆக உள்தூண்களுக்கு வரும் பக்கவாட்டு அழுத்தம் பெரும்பாலும் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும், எடையை மட்டும் தாங்கினால் போதும். கடைசியில் மிஞ்சுகிற தள்ளல் வெளிச்சுவருக்குப் போகிறது. அதனால்தான் வெளிச்சுவர் உள்சுவரைவிட ஓரடி கூடுதல். குண்டுக்குப் பயந்து மட்டும் அந்தத் தடிமன் வரவில்லை, கூரையே அதைக் கேட்கிறது. இன்னொரு லாபமும் கிடைத்தது: மரமில்லாத கூரையில் கரையானுக்கு வேலையில்லை. சென்னையின் மற்றப் பழைய வீடுகளை நினைத்துப் பாருங்கள். அவற்றில் பெரும்பாலானவை மெட்ராஸ் டெரஸ் கூரை. உத்தரக் கட்டைகளின் மேல் மெல்லிய செங்கற்களைச் சாய்த்து அடுக்கி, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு இடித்து, தட்டோடு பதித்தது. அந்தக் கட்டைகள் முனையில் உளுத்துப்போவதுதான் எங்களுக்கு வருகிற வேலைகளில் பாதி. செயின்ட் மேரீஸில் அந்தத் தொல்லை கிடையாது.

ஆனால் ஒரு விலை கொடுத்தார்கள். 1680 என்பது, 1666 தீக்குப் பிறகு லண்டனில் கட்டடக்கலைஞர் கிறிஸ்டோபர் ரென் டஜன் கணக்கில் ஆலயங்களை மறுபடி கட்டிக்கொண்டிருந்த காலம். அவருடைய முதல் அக்கறை, பிரசங்கம் எல்லோர் காதிலும் விழ வேண்டும் என்பது. கத்தோலிக்க வழிபாட்டில் பூசையைக் கண்ணால் பார்த்தால் பாதி நிறைவு. சீர்திருத்தம் கண்ட சபையில் வேதம் வாசிப்பதையும் பிரசங்கத்தையும் கேட்டாக வேண்டும். ரென் பின்னாளில், 1711 வாக்கில் எழுதிய குறிப்பில் கணக்கே போட்டிருக்கிறார்: சாதாரணக் குரலில் பேசுகிறவர் தனக்கு முன்னே 50 அடி, இரு பக்கமும் 30 அடி, பின்னால் 20 அடி வரை கேட்கும்படி பேச முடியும், ஆகவே ஆலயம் சுமார் 90 அடி நீளம், 60 அடி அகலம் இருந்தால் போதும். செயின்ட் மேரீஸ் அளவை அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள், கிட்டத்தட்ட அதேதான். ரென்னைப் பார்த்துக் காப்பியடித்தார்கள் என்று சொல்ல வரவில்லை, குறிப்பே முப்பது வருடம் பிந்தியது. அந்தத் தலைமுறை ஆங்கிலிகன்களின் மனதில் ஆலயம் என்றால் அந்த அளவு ஹால் என்று இருந்திருக்கிறது. ஆனால் ரென் தன் ஆலயங்களின் உள்கூரையை மரச்சட்டத்தில் பூச்சு பூசி லேசாக வைத்தார். கோட்டையில் பீரங்கிக்காரர் கெட்டியான வளைவு போட்டார், அதன்மேல் வழுவழுவென்று சுண்ணாம்புப் பூச்சு. இந்த மாதிரிக் கூடத்தில் ஒலி அடிபட்டுத் திரும்பத் திரும்ப வரும். பாட்டுக்கு அது அமிர்தம், பேச்சுக்கு அவ்வளவு நல்லதில்லை. கேட்பதற்காகக் கட்டிய ஆலயத்தில், உயிர் தப்புவதற்காகப் போட்ட கூரை கேட்பதைக் கெடுத்துவிட்டது. எனக்கு அந்தக் கட்டடத்தில் மிகவும் பிடித்த முரண் இதுதான்.

கோபுரம் பிற்சேர்க்கை. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மேற்கே எழுப்பியது, பிரெஞ்சு முற்றுகையில் அடிபட்டது, அந்த நூற்றாண்டின் கடைசியில் ஊசிமுனையை மறுபடி கட்டினார்கள். உங்கள் கண்ணுக்கு அது ஒட்டாமல் நிற்பதாகத் தெரிந்தது என்றால் கண் சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது.

சரி, உள்ளே யார் உட்கார்ந்தார்கள்? சார்ல்ஸ் லாக்யர் என்ற வணிகர் 1711-இல் எழுதி வைத்த ஞாயிற்றுக்கிழமைக் காட்சி இருக்கிறது. காலை எட்டு ஒன்பது மணிக்குள் மணி அடிக்கும். உள்கோட்டையிலிருந்து ஆலய வாசல் வரை இருநூறுக்கு மேற்பட்ட சிப்பாய்கள் இரு பக்கமும் அணிவகுப்பார்கள். பெண்கள் தங்கள் இருக்கைகளுக்கு விரைவார்கள். ஆண்கள் வெயில் கடுமையாக இல்லாவிட்டால் முற்றத்தில் உலாவுவார்கள். கவர்னர் நெருங்கியதும் ஆர்கன் முழங்கத் தொடங்கி, அவர் உட்காரும்வரை நிற்காது. இதைப் படித்தால் அது வழிபாடா தர்பாரா என்று கேட்கத் தோன்றும். இரண்டும்தான். சாப்ளினுக்குச் சம்பளம் கொடுத்தது கம்பெனி. சாப்ளின் பணியில் சேர்ந்த ராபர்ட் பால்க், பின்னாளில் அந்தக் கோட்டைக்கே கவர்னராகவும் ஆனார். இருக்கை வரிசை பதவி வரிசையாக இருந்தது. அன்றைய இங்கிலாந்திலும் அப்படித்தான், கிராமத்து ஜமீன்தாருக்கு ஒரு பெட்டி இருக்கை, வேலைக்காரருக்குப் பின்வரிசை. வித்தியாசம் என்னவென்றால், இங்கிலாந்தில் பின்வரிசையிலாவது ஊர்க்காரன் இருந்தான். இங்கே ஊர் மொத்தமும் கோட்டைச் சுவருக்கு வெளியே இருந்தது.

அந்தச் சமூகம் எப்படிப்பட்டது என்பதற்கு ஆலயப் பதிவேடு நல்ல சாட்சி. முதல் திருமணம், பிரதிஷ்டை முடிந்த ஒரே வாரத்தில், 1680 நவம்பர் 4 அன்று. மணமகன் எலைஹு யேல், மணமகள் காதரின் ஹின்மர்ஸ் என்ற விதவை. யேல் பிறகு கவர்னராகிப் பெரும் பணம் சேர்த்தார். அமெரிக்கக் கல்லூரி ஒன்றுக்கு 1718-இல் அவர் அனுப்பிய நன்கொடையால்தான் அதற்கு யேல் என்று பெயர். ராபர்ட் கிளைவ் மார்கரெட் மாஸ்கலினை மணந்ததும் இங்கேதான், 1753-இல். ஆனால் நான் அதிகம் யோசிக்கிற பதிவு 1689-இல் இருக்கிறது. கல்கத்தாவோடு பெயர் சேர்ந்துபோன ஜாப் சார்னக்கின் மூன்று மகள்களுக்கு ஞானஸ்நானம். அவர்களின் தாய் இந்தியப் பெண். உடன்கட்டையிலிருந்து சார்னக் அவரைக் காப்பாற்றி மணந்தார் என்ற கதையை நீங்களும் கேட்டிருப்பீர்கள். அது கேள்விப்பட்ட கதை என்ற அளவில்தான் நிற்கிறது. ஞானஸ்நானப் பதிவு கதை இல்லை. ஆகவே வெள்ளைக்காரர்களுக்கு மட்டுமான ஆலயம் என்று ஒரே வரியில் சொல்லிவிட முடியாது. கலப்புக் குடும்பத்துக் குழந்தைகள் தொடக்கத்திலிருந்தே அந்தத் தொட்டியருகே வந்திருக்கிறார்கள். ஞானஸ்நானத் தொட்டி பல்லாவரம் பக்கத்துக் கருங்கல். சார்னக்கின் கல்கத்தாக் கல்லறையிலும் அதே வகைக் கல். அதை வைத்துத்தான் புவியியலாளர்கள் அந்தப் பாறைக்கு சார்னகைட் என்று பெயரிட்டார்கள். சென்னைப் புறநகர்ப் பாறைக்கு அந்த மனிதரின் பெயர்!

வெளியே தரையில் பதித்த கல்லறைக் கற்களைப் பார்த்துவிட்டு, "இத்தனை பேரையும் இங்கேயா புதைத்தார்கள்?" என்று கேட்டிருந்தீர்கள். இல்லை. பழைய இடுகாடு இப்போது சட்டக் கல்லூரிக் கட்டடம் நிற்கிற இடத்தில் இருந்தது. 1758 டிசம்பரில் லாலியின் பிரெஞ்சுப் படை கோட்டையை முற்றுகையிட்டபோது, அங்கிருந்த உயரமான சமாதிகள் எதிரிக்கு நல்ல மறைவாக அமைந்துவிட்டன. முற்றுகை 1759 பிப்ரவரியில் விலகியதும், இனி அந்தத் தொல்லையே வேண்டாம் என்று சமாதிகளை இடித்து, எழுத்துள்ள கற்களை மட்டும் கொண்டுவந்து ஆலய முற்றத்தில் பதித்தார்கள். அவற்றில் 1652-ஆம் ஆண்டுக் கல் ஒன்று, எலிசபெத் பேக்கர் என்ற பெண்மணியுடையது. இந்தியாவில் கிடைக்கும் ஆங்கிலக் கல்வெட்டுகளில் மிகப் பழையவற்றில் ஒன்று. ஹைதர் அலியோடு போர் நடந்த 1782-இல் கற்களைப் பெயர்த்துப் பீரங்கிக்கு அடியில் போட்டதாகவும், சில கற்களில் இருக்கும் சிதைவு அதனால் வந்ததாகவும் சொல்வார்கள். யேலின் சிறுவயதில் இறந்த மகன் டேவிட்டின் சமாதியும், காதரினின் முதல் கணவர் ஹின்மர்ஸின் கூம்புச் சமாதியும் மட்டும் பழைய இடத்திலேயே, சட்டக் கல்லூரி வளாகத்தில் தப்பி நிற்கின்றன. உண்மையாகவே ஆலயத்துக்குள் புதைக்கப்பட்டவர்களும் உண்டு. கவர்னராக இருந்தபோது தன் கவுன்சிலாலேயே சிறைப்பிடிக்கப்பட்டு 1777-இல் இறந்த பிகாட் பிரபு ஒருவர், 1827-இல் காலராவில் இறந்த கவர்னர் தாமஸ் மன்றோ இன்னொருவர்.

பீடத்தின் மேலிருக்கும் கடைசி இராவுணவு ஓவியம் பற்றியும் ஒரு வார்த்தை. ரஃபேல் வழியில் வந்தது, 1761-இல் பாண்டிச்சேரியைப் பிடித்தபோது கொள்ளைப் பொருளாக வந்தது என்பார்கள். பாண்டிச்சேரிக் கதைக்கு ஆதாரமான சூழல் உண்டு, அந்த வருடம் அங்கிருந்து பலவும் சென்னைக்கு வந்தன. ரஃபேல் பேரைக் கொஞ்சம் சந்தேகத்தோடு எடுத்துக்கொள்ளுங்கள். ஆலயங்களில் நல்ல பிரதி எதைப் பார்த்தாலும் பெரிய பெயர் ஒன்று ஒட்டிக்கொள்ளும்.

அதே பாண்டிச்சேரியிலிருந்து அதே வருடம் ஓர் அச்சு இயந்திரமும் வந்தது. எனக்கு ஓவியத்தைவிட அதுதான் பெரிது. அது கோட்டைக்குள் தங்கவில்லை, வேப்பேரிக்குப் போனது. சென்னையில் பெஞ்சமின் ஷுல்ட்ஸ் தொடங்கிய தமிழ்ச் சபையை, அவருக்குப் பின் வந்த ஃபப்ரிசியஸ் அங்கே வளர்த்துக்கொண்டிருந்தார். இருவரும் ஜெர்மானிய லூத்தரன்கள். ஆனால் செலவுக்குப் பணம் எஸ்.பி.சி.கே. என்ற ஆங்கிலிகன் சங்கத்திலிருந்து. கம்பெனி, அந்த இயந்திரத்தைத் தனக்குத் தேவைப்படும்போது அச்சடித்துத் தர வேண்டும் என்ற நிபந்தனையோடு ஃபப்ரிசியஸிடம் கொடுத்தது. ஃபப்ரிசியஸின் தமிழ் அகராதி 1779-இல் வேப்பேரியில் அச்சானது; அவருடைய வேதாகம மொழிபெயர்ப்பும் பாடல்களும் தலைமுறைகளாகத் தமிழ்ப் புராட்டஸ்டண்டுகளின் வாயில் இருந்தன. சென்னையின் தமிழ் ஆங்கிலிகன் வாழ்க்கையைத் தேடுகிறவர் கோட்டைக்குள் தேடினால் கிடைக்காது. வேப்பேரியிலும் பிற்பாடு சிந்தாதிரிப்பேட்டையிலும் தேட வேண்டும். கோட்டை ஆலயத்தில் அதன் சாயல் ஒரே ஓரிடத்தில், ஷ்வார்ட்ஸ் ஐயரின் பளிங்கு நினைவுச் சின்னத்தில் தெரியும். தஞ்சாவூரில் தமிழிலும் மராத்தியிலும் பேசிப் பழகி 1798-இல் இறந்த அந்த மிஷனரிக்குக் கம்பெனியே செலவு செய்து சிற்பி ஜான் பேக்கன் இளையவரைக் கொண்டு செதுக்கி வைத்தது. சரபோஜி மன்னர் தம் பங்குக்கு ஃபிளாக்ஸ்மன் என்ற சிற்பியிடம் செய்வித்தது தஞ்சாவூரில் இருக்கிறது, போகும்போது பாருங்கள்.

கோட்டைச் சபை வெளியுலகுக்குச் செய்தவற்றில் நிலைத்தது பள்ளிக்கூடம். சாப்ளின் வில்லியம் ஸ்டீவன்சன் முயற்சியில் 1715-இல் செயின்ட் மேரீஸ் தர்மப் பள்ளி தொடங்கியது. சிப்பாய்களின் குழந்தைகள், அநாதைகள், கலப்பினக் குடும்பத்துப் பிள்ளைகளுக்குச் சோறும் எழுத்தும். 19-ஆம் நூற்றாண்டில் அது அநாதைப் பள்ளிகளோடு இணைந்து, இப்போது பூந்தமல்லி நெடுஞ்சாலையில் செயின்ட் ஜார்ஜ் பள்ளியாக நடக்கிறது. அப்படி இணைந்த கிளைகளில் ஒன்று எழும்பூரின் ராணுவ ஆண் அநாதைப் பள்ளி. அங்கே 1789 முதல் பொறுப்பில் இருந்த ஆண்ட்ரூ பெல் என்ற ஆங்கிலிகன் குருவானவர், உள்ளூர்ப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். மூத்த பையன் இளையவனுக்குச் சொல்லிக்கொடுக்கும் ஏற்பாட்டோடு அதைச் சேர்த்து ஊருக்குத் திரும்பியதும் 1797-இல் வெளியிட்டார். இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் அந்த "மெட்ராஸ் முறை"யில் படித்தார்கள். திண்ணைப் பள்ளி மணல் அவ்வளவு தூரம் போயிருக்கிறது.

அப்புறம் ஏன் காலியானது? மக்கள் வெளியேறினார்கள், அவ்வளவுதான். 18-ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் வசதியுள்ள ஆங்கிலேயர்கள் கோட்டை நெரிசலை விட்டுச் சத்திரம் சமவெளியில், அதாவது இன்றைய அண்ணா சாலையைச் சுற்றி, தோட்ட வீடுகள் கட்டிக் குடியேறினார்கள். ஞாயிறுதோறும் அவ்வளவு தூரம் வண்டியில் வர யாருக்கு மனம் வரும்? பக்கத்திலேயே ஒன்று வேண்டும் என்றார்கள். கர்னல் கால்டுவெல் வரைய, தாமஸ் டி ஹேவிலாண்ட் நின்று கட்ட, செயின்ட் ஜார்ஜ் ஆலயம் 1816 ஜனவரியில் பிரதிஷ்டை ஆனது. அதன் முகத்தைப் பார்த்தால் கிரேக்கக் கோயில் தூண்கள், மேலே ஊசிக்கோபுரம். இந்த ஜோடி லண்டனில் ஜேம்ஸ் கிப்ஸ் 1726-இல் முடித்த செயின்ட் மார்ட்டின் ஆலயத்தின் வழி. அவர் தம் வரைபடங்களை 1728-இல் புத்தகமாகப் போட்டுவிட்டதால் உலகெங்கும் ராணுவப் பொறியாளர்கள் அதைப் பார்த்து வரைந்தார்கள். செயின்ட் மேரீஸில் இருக்கும் பயம் அங்கே துளியும் இல்லை. அதற்குள் சென்னையைச் சுற்றி எதிரி என்று யாரும் மிச்சமில்லை, அது கட்டடத்திலும் தெரிகிறது. 1835-இல் சென்னைப் பேராயம் உருவானபோது செயின்ட் ஜார்ஜ் கதீட்ரல் ஆனது. கோட்டை ஆலயம் காவல்படைச் சிப்பாய்களின் ஆலயமாகச் சுருங்கியது.

இப்போது உங்கள் சி.எஸ்.ஐ. கேள்வி. 1947 செப்டம்பர் 27 அன்று, அதே செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில், தென்னிந்தியாவின் ஆங்கிலிகன், மெதடிஸ்ட் சபைகளும், பிரெஸ்பிட்டேரியன்களும் காங்கிரிகேஷனலிஸ்டுகளும் ஏற்கெனவே சேர்ந்து அமைத்திருந்த தென்னிந்திய ஐக்கிய சபையும் ஒன்றாகித் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. பேராயர்கள் உள்ள சபையும் பேராயர்களே கூடாது என்ற சபையும் ஒரே அமைப்பில் சேர்ந்தது அன்று உலகம் திரும்பிப் பார்த்த விஷயம். இங்கிலாந்தின் ஆங்கிலிகன்களில் ஒரு சாரார் அதை ஏற்கப் பல வருடம் தயங்கினார்கள். ஆகவே செயின்ட் மேரீஸ் பிறப்பால் ஆங்கிலிகன், 1947 முதல் சி.எஸ்.ஐ. இரண்டு பெயருமே பொய்யில்லை. 1950-இல் வந்த சி.எஸ்.ஐ. திருவிருந்து ஆராதனை முறையில், குருவானவர் மேசைக்குப் பின்னால் நின்று சபையாரைப் பார்த்து நடத்துவதும், சமாதானத்தைக் கைகளால் ஒருவருக்கொருவர் கடத்துவதும் இடம்பெற்றன. கவர்னர் வரும்வரை ஆர்கன் வாசித்த மரபுக்கு, பக்கத்து பெஞ்சுக்காரரின் கையைப் பிடிப்பது எவ்வளவு தூரம் என்று யோசித்துப் பாருங்கள்.

சபை இருக்கிறது. ஞாயிறு காலையில் ஆங்கிலத்தில் ஆராதனை நடக்கிறது, திருமணங்களும் நடக்கின்றன. ஆனால் மற்ற சென்னை சி.எஸ்.ஐ. சபைகளைப் போல அதை எடைபோடாதீர்கள். ஒரு சபை நிரம்பி வழிய, சுற்றிலும் குடும்பங்கள் வேண்டும். சந்தா கட்டும் வீடுகள், ஞாயிறு பள்ளிக்கு வரும் பிள்ளைகள், கொயரில் சண்டை போடும் அத்தைகள், டிசம்பரில் வீடு வீடாகக் கேரல் போக ஒரு தெரு, அறுப்பின் பண்டிகையில் பூசணிக்காயையும் சேவலையும் விலைக்கு மேல் விலை ஏற்றி ஏலம் எடுக்கும் மாமாக்கள். கோட்டைக்குள் தலைமைச் செயலகமும் சட்டமன்றமும் ராணுவமும் மியூசியமும் இருக்கின்றன. அந்த மாதிரித் தெரு இல்லை. வருகிறவர்கள் வெளியிலிருந்து விரும்பித் தேடி வருகிறவர்கள். சபை சிறியதாக இருப்பதை வீழ்ச்சி என்று சிலர் எழுதுவதில் எனக்கு உடன்பாடில்லை. கட்டிய நாளிலிருந்தே அது ஊருக்கான ஆலயமாக இருந்ததில்லை. சுவருக்குள் இருந்தவர்கள் போனதும் சுவர் மிஞ்சியது.

அந்தச் சுவரைக் காப்பாற்றுவது பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீங்கள் பூச்சு உரிவதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கடல் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. உப்புக்காற்றும் ஈரமும் செங்கலுக்குள் போவதைத் தடுக்க முடியாது; சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை மறுபடி வெளியே விடும், தான் உதிர்ந்தாலும் செங்கலைக் காக்கும். இது மாதிரிக் கட்டடங்களில் நல்லெண்ணத்தோடு சிமெண்ட் பூசுவார்கள். ஈரம் உள்ளே மாட்டிக்கொள்ளும், உப்பு படிகமாகும், சிமெண்டுக்குப் பின்னால் செங்கல் மாவாகும். வெளியே பார்க்கப் பளிச்சென்று இருக்கும், தட்டினால் பொத்தென்று சத்தம் கேட்கும். பழைய ஆலயம் எதிலாவது நீங்கள் கமிட்டியில் இருந்தால், பெயிண்ட் அடிக்கும் முன் சுண்ணாம்பு தெரிந்த கொத்தனார் ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். கடுக்காய், வெல்லம் எல்லாம் சேர்க்க வேண்டுமா என்பது பிறகு பேச வேண்டியது. முதலில் சிமெண்ட் வேண்டாம்.

மறுபடி போவதாக இருந்தால் கோட்டை வாசலில் பாதுகாப்புச் சோதனை உண்டு, அடையாள அட்டை கையில் இருக்கட்டும். முதலில் ஆலயத்துக்குள் போகாமல் வெளியே ஒரு சுற்று சுற்றி, ஜன்னல் ஓரத்தில் சுவர்த் தடிமனைப் பாருங்கள். உள்ளே போய் நடுவில் நின்று, யாரும் இல்லாவிட்டால் ஒரு தடவை கை தட்டிப் பாருங்கள், கூரையைப் பற்றி நான் சொன்னது அப்போது விளங்கும். ஆராதனை நேரத்தில் போனால் கை தட்ட வேண்டாம், பின்வரிசையில் உட்காருங்கள், யாரும் எழுப்பமாட்டார்கள். அன்றே நேரம் இருந்தால் கதீட்ரலுக்கும் வேப்பேரிக்கும் போய்விட்டு வாருங்கள். மூன்றையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம்.